தூண்டுவது எது என்று தேடுவதற்கு முன்

சென்ற இதழில், தோல் வறண்டு சிவந்து அரிக்கும் எக்ஸிமா பற்றிக் கேள்விகள் அனுப்பலாம் என்று அறிவித்திருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன: எதனால் வருகிறது, எதை நிறுத்தினால் போகும்? தோல் மருத்துவர் பதில் சொல்கிறார்.

கேள்வி: என் மகனுக்கு எட்டு மாதம். இரண்டு கன்னமும் சிவந்து, நீர் வடிந்து, பக்குக் கட்டியிருக்கிறது. கைகளிலும் சொரசொரப்பாக இருக்கிறது. தாய்ப்பால் கொடுக்கிறேன். நான் சாப்பிடுவதுதான் காரணம் என்று மாமியாரும் நாத்தனாரும் சொன்னதால் முட்டை, பால், மீன், கடலை எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். நான் இளைத்ததுதான் மிச்சம். குழந்தைக்குக் குறையவே இல்லை. இன்னும் எதை நிறுத்த வேண்டும்?

பதில்: முதலில் நீங்கள் வயிறாரச் சாப்பிடுங்கள், அம்மா. பால் கொடுக்கும் உடம்புக்குச் சத்து வேண்டும். உங்கள் கடிதத்தில் நிறுத்தியவற்றின் பட்டியல் நீளமாக இருக்கிறது. குழந்தையின் கன்னத்தில் என்ன தடவுகிறீர்கள், எவ்வளவு தடவுகிறீர்கள் என்று ஒரு வரிகூட இல்லை.

என்னிடம் வரும் தாய்மார்கள் பலரிடம் இதையே பார்க்கிறேன். ஒருவர் கோடு போட்ட நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். இடப்பக்கம் அன்றைக்கு அவர் சாப்பிட்டது, வலப்பக்கம் குழந்தையின் தோல் எப்படி இருந்தது என்ற குறிப்பு. பக்கம் பக்கமாக, நேரம் போட்டு, சிவப்புப் பேனாவில் அடிக்கோடிட்டு எழுதியிருந்தார். பையில் இருந்த மருந்தை எடுத்துக் காட்டச் சொன்னேன். களிம்பு டியூப்பின் வாயில் ஒட்டியிருக்கும் மெல்லிய தகடு குத்தாமல் அப்படியே இருந்தது. “பயமாக இருந்தது டாக்டர்” என்றார். அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. எதை நிறுத்த வேண்டும் என்று சொல்ல அவரைச் சுற்றி அத்தனை பேர் இருந்தார்கள். என்ன செய்ய வேண்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லத்தான் ஆள் இல்லை.

எக்ஸிமாவின் வேர் பெரும்பாலும் தோலின் மேல் அடுக்கிலேயே இருக்கிறது. அந்த அடுக்கை இறுக்கமாகக் கட்டிவைக்கும் புரதங்களில் ஒன்று ஃபிலாக்ரின். அதற்கான மரபணுவில் பழுது இருப்பவர்களுக்கு எக்ஸிமா வரும் வாய்ப்பு அதிகம் என்று 2006இல் கண்டறிந்தார்கள். எக்ஸிமா உள்ள எல்லோருக்கும் இந்தப் பழுது இருக்காது. ஆனால் தோலின் காப்பு அடுக்கு நலிந்திருப்பது பொதுவாகக் காணப்படுவது. அப்படிப்பட்ட தோலில் ஈரம் தங்காது. சோப்பு, எச்சில், தூசி, கிருமி எல்லாம் எளிதில் உள்ளே புகுந்து நோய் எதிர்ப்பு அணுக்களைச் சீண்டும். நீங்கள் எதையோ சாப்பிட்டு இதைக் குழந்தைக்குக் கொடுத்துவிடவில்லை. மாமியாரிடம் இந்தப் பத்தியை வாசித்துக் காட்டுங்கள்.

எட்டு மாதக் குழந்தைக்கு நான் முதலில் சந்தேகப்படுவது எச்சிலைத்தான். பல் முளைக்கும் பருவம், வாயோரம் எப்போதும் நனைந்திருக்கும். அதை ஒவ்வொரு முறையும் அழுத்தித் துடைப்போம், சில வீடுகளில் வாசனை சேர்த்த ஈர டிஷ்யூவால். ஈரமும் உரசலும் சேர்ந்தால் கன்னம் ஆறவே ஆறாது. உணவு ஊட்டுவதற்கு முன்பும் தூங்க வைப்பதற்கு முன்பும் வாயைச் சுற்றியும் கன்னத்திலும் பெட்ரோலியம் ஜெல்லியை ஒரு படலமாகப் பூசிவிடுங்கள். துடைக்க வெறும் தண்ணீரில் நனைத்த மெல்லிய பருத்தித் துணி போதும். தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். குளியல் வெதுவெதுப்பான நீரில் 5 முதல் 10 நிமிடம். நுரை பொங்கும் சோப்பு வேண்டாம். துவட்டிய கையோடு, தோலில் ஈரம் இருக்கும்போதே, உடம்பு முழுக்க மாய்ஸ்சரைசர். சிவந்து கசியும் இடத்துக்கு மருத்துவர் எழுதித் தரும் மென்மையான ஸ்டீராய்டு களிம்பு. கன்னத்துக்குப் பொதுவாக 1% ஹைட்ரோகார்ட்டிசோன் தருவோம். நீர் வடிவதாகச் சொல்வதால் கிருமித் தொற்று சேர்ந்திருக்கலாம். இந்த வாரமே நேரில் காட்டிவிடுங்கள்.

உணவைச் சந்தேகப்பட வேண்டிய நேரமும் உண்டு. ஒன்றைச் சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தடிப்பு தடிப்பாகக் கிளம்புவது, உதடு வீங்குவது, வாந்தி வருவது. மூச்சு இழுத்தாலோ குழந்தை துவண்டாலோ உடனே அவசர சிகிச்சைக்கு ஓட வேண்டும். சிகிச்சை ஒழுங்காக நடந்தும் எக்ஸிமா அடங்கவில்லை என்றாலும் உணவு ஒவ்வாமையைச் சோதித்துப் பார்ப்போம். இவை இல்லாமல் ஊகத்தில் உணவை நிறுத்துவதால் நல்லதைவிடக் கெடுதலே அதிகம். 2015இல் வெளியான ‘லீப்’ ஆய்வில், கடுமையான எக்ஸிமாவோ முட்டை ஒவ்வாமையோ இருந்த 640 குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். 4 முதல் 11 மாத வயதிலேயே நிலக்கடலை உணவைத் தொடங்கித் தொடர்ந்து சாப்பிட்ட குழந்தைகளுக்கு, ஐந்து வயதில் கடலை ஒவ்வாமை வெகுவாகக் குறைந்திருந்தது. பயந்து தள்ளிப்போடுவதே ஒவ்வாமைக்கு வழிவிடலாம் என்று காட்டிய ஆய்வு அது. உங்கள் மகனுக்கு எக்ஸிமா கடுமையாக இருப்பதால், கடலையை மருத்துவரிடம் கேட்டுவிட்டே தொடங்குங்கள். முழுக் கடலை தொண்டையில் அடைக்கும். நன்றாக அரைத்துத்தான் தர வேண்டும்.

கேள்வி: எனக்கு 34 வயது. முழங்கை மடிப்பிலும் கழுத்திலும் அரிப்பு. வெயில் காலத்திலும் வருகிறது, குளிரிலும் வருகிறது. வியர்வையா, தூசியா, துணி துவைக்கும் பவுடரா, ஏசியா? எக்ஸிமாவைத் தூண்டுபவை என்று நான் படித்த பட்டியலில் உலகத்தில் உள்ள எல்லாமே இருக்கிறது. எனக்கு எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: தோல் கொந்தளித்துக்கொண்டிருக்கும்போது கண்டுபிடிக்கவே முடியாது. அந்த நிலையில் எது பட்டாலும் எரியும். சுத்தமான தண்ணீர்கூட எரியும். அதனால் தேடலை இரண்டு மூன்று வாரம் ஒத்திவையுங்கள். மருந்தையும் மாய்ஸ்சரைசரையும் ஒரு வேளை விடாமல் போட்டு முதலில் தோலை அடக்குங்கள். அடங்கிய தோலில் திடீரென ஓரிடத்தில் கிளம்பும்போதுதான் துப்புக் கிடைக்கும்.

அப்போது எந்த இடம், எந்த நேரம் என்று குறித்துக்கொள்ளுங்கள். கூடவே, முந்தைய இரண்டு மூன்று நாட்களில் புதிதாக எதைத் தொட்டீர்கள், எதைப் பூசினீர்கள் என்றும் எழுதுங்கள். இதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். தொடு ஒவ்வாமை, பொருள் பட்ட உடனே தெரியாது. ஒரு நாளிலிருந்து மூன்று நாள் கழித்தே பெரும்பாலும் வெளியே தெரியும். இன்று அரிக்கிறது என்று இன்று போட்ட சட்டையைக் கழற்றி எறிவோம். காரணம் முந்தாநாள் அடித்த சென்ட்டாக இருக்கும்.

இடமே நிறையச் சொல்லிவிடும். தொப்புளுக்குக் கீழே ஒரு வட்டமாக வந்தால் பெல்ட் பக்கிளில் இருக்கும் நிக்கல். மணிக்கட்டைச் சுற்றி வந்தால் கடிகாரப் பட்டை. இமையில் மட்டும் வந்தால், விரல் நகத்துப் பூச்சைக்கூட நான் விசாரிப்பேன். நகம் இமையில் பட்டுக்கொண்டே இருக்கும், விரலின் தடித்த தோல் தாங்குவதை இமையின் மெல்லிய தோல் தாங்காது. உங்களுக்கு வருவது முழங்கை மடிப்பிலும் கழுத்திலும். இவை எக்ஸிமாவின் வழக்கமான இடங்கள். வியர்வை தேங்கும் இடங்களும்கூட. வியர்த்ததும் வெறும் தண்ணீரில் கழுவி, ஒற்றித் துடைத்து, சட்டையை மாற்றிப் பாருங்கள். கழுத்தைப் பொறுத்தவரை, தலைக்குக் குளிக்கும்போது வழியும் ஷாம்பூ, சென்ட், சொரசொரப்பான காலர் மூன்றையும் தனித்தனியாகச் சோதியுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது குற்றவாளி என்று கடைசிவரை தெரியாது.

வெயில், குளிர் இரண்டிலும் வருவதில் முரண் ஏதும் இல்லை. சூடும் வியர்வையும் அரிப்பைக் கிளப்புகின்றன. உலர்ந்த காற்று தோலின் ஈரத்தை உறிஞ்சுகிறது. ஏசியின் குளிர்ச்சி உங்களுக்கு இதம், அது தரும் வறட்சிதான் தொல்லை. மேசை இழுப்பறையில் ஒரு மாய்ஸ்சரைசர் டியூப் வைத்துக்கொண்டால் போதும். துணி துவைக்கும்போது கூடுதலாக ஒரு முறை அலசுங்கள். வாசனைக்காகச் சேர்க்கும் திரவத்தை விட்டுவிடுங்கள். தூசிப் பூச்சி ஒத்துக்கொள்ளாதவர்கள் படுக்கை விரிப்பையும் தலையணை உறையையும் 60 டிகிரி வெந்நீரில் துவைக்கலாம். வீட்டையே தலைகீழாகப் புரட்ட வேண்டியதில்லை. வீட்டுக்குள் யாரும் புகைபிடிக்கக் கூடாது என்பதில் மட்டும் கறாராக இருங்கள்.

பணத்தை எதில் போடக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எக்ஸிமா உள்ள குழந்தைகளிடம் பிரிட்டனில் மூன்று பெரிய சோதனைகள் நடந்தன. 2011இல் கடின நீரை மென்மையாக்கும் கருவி, 2017இல் பட்டு உள்ளாடை, 2018இல் குளியல் நீரில் கலக்கும் எண்ணெய். வழக்கமான சிகிச்சையோடு இவற்றைச் சேர்த்ததால் சொல்லிக்கொள்ளும்படி கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை.

கேள்வி: மருத்துவர் ஸ்டீராய்டு களிம்பு எழுதிக் கொடுத்தார். தோல் மெலிந்துவிடும் என்று எல்லோரும் சொல்வதால் தொட்டும் தொடாமலும் தடவுகிறேன். குறைகிறது, பிறகு மறுபடி வந்துவிடுகிறது. நிறுத்திவிடலாமா?

பதில்: தொட்டும் தொடாமலும் தடவுவதால்தான் மறுபடி வருகிறது. பாதி அணைந்த நெருப்பு மாதிரி உள்ளே கனன்றுகொண்டே இருக்கிறது. அரைகுறையாக மாதக்கணக்கில் தடவுவதைவிட, சரியான அளவில் ஒன்றிரண்டு வாரம் தடவி முழுவதும் அடக்குவதே பாதுகாப்பு.

அளவுக்கு விரல்தான் கணக்கு. பெரியவரின் ஆட்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்புவரை டியூப்பிலிருந்து ஒரு கோடாகப் பிதுக்குங்கள். அது ஏறக்குறைய அரை கிராம். விரல்களையும் சேர்த்து இரண்டு உள்ளங்கை அளவு பரப்புக்கு அது போதும். அந்தக் கணக்கில், பெரும்பாலும் நாளுக்கு ஒரு முறை, சிவப்பு போய்ச் சொரசொரப்பும் அடங்கும்வரை தடவுங்கள். அதே இடத்தில் திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்கு, அடங்கிய பிறகும் வாரத்தில் இரண்டு நாள் மட்டும் தடவச் சொல்வோம். மறுபடி கிளம்புவதைத் தடுக்கும் வழி அது.

தோல் மெலியும் என்பது பொய்யில்லை. வீரியம் அதிகமான களிம்பை, இடைவெளி விடாமல், நாள்கணக்கின்றி, முகம், அக்குள், தொடை இடுக்கு போன்ற மெல்லிய இடங்களில் போட்டால் நடக்கும். ஸ்டீராய்டு களிம்பு 1952 முதல் பயன்பாட்டில் இருக்கிறது. எந்த வீரியம் எந்த இடத்துக்கு எத்தனை நாள் என்பது இன்று நன்றாகத் தெரிந்த விஷயம். இமை, முகம் போன்ற இடங்களுக்கு ஸ்டீராய்டு இல்லாத டாக்ரோலிமஸ் களிம்பும் இருக்கிறது. முதல் சில நாள் எரியும். தொடர்ந்தால் எரிச்சல் அடங்கிவிடும்.

என்னைக் கவலைப்பட வைப்பது வேறு. மருத்துவரைப் பார்க்காமல், ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் கிருமி மருந்தும் ஒன்றாகக் கலந்த களிம்பை வாங்கி எல்லாவற்றுக்கும் தடவுகிறார்கள். அது எக்ஸிமாவாக இல்லாமல் படர்தாமரையாக இருந்தால், அரிப்பு அமுங்கியதுபோல் தோன்றும். பூஞ்சையோ உள்ளுக்குள் பரவும். பிறகு வரும்போது எந்த நோய் என்றே அடையாளம் தெரியாதபடி உருமாறியிருக்கும். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

கேள்வி: பள்ளியில் என் மகள் பக்கத்தில் உட்காரப் பிள்ளைகள் மறுக்கிறார்கள். இது ஒட்டிக்கொள்ளுமா?

பதில்: ஒட்டாது. கை கோத்தாலும் ஒரே துண்டில் துடைத்தாலும் எக்ஸிமா இன்னொருவருக்கு வராது. ஆசிரியரை நேரில் பார்த்து, வகுப்பில் இதை அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். பிள்ளைகள் ஆசிரியர் சொன்னால் கேட்பார்கள். தேவைப்பட்டால் உங்கள் மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கிக் கொடுங்கள். நாங்கள் மகிழ்ச்சியோடு எழுதித் தருவோம்.

கேள்வி: நான் முடி திருத்தும் நிலையத்தில் வேலை செய்கிறேன். விரல்கள் வெடித்து ரத்தம் கசிகிறது. விடுமுறையில் ஆறிவிடுகிறது, வேலைக்குப் போனதும் திரும்ப வந்துவிடுகிறது.

பதில்: காரணத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள்: விடுமுறையில் ஆறுகிறது. நாளில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கை நனைந்திருந்தாலோ 20 தடவைக்கு மேல் கழுவினாலோ அது தோலைக் கெடுக்கும் ஈர வேலை என்று கணக்கு. முடி திருத்துபவர், செவிலியர், துப்புரவுப் பணியாளர், சமையல்காரர், கைக்குழந்தையின் தாய் எல்லோரும் இதில் அடக்கம்.

உங்களுக்கு இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. தலைச்சாயத்தில் உள்ள பிபிடி என்ற ரசாயனம் உங்கள் தொழிலில் பலருக்கு ஒவ்வாமை தருகிறது; ரப்பர் கையுறையின் ரசாயனங்களும் சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. பேட்ச் டெஸ்ட் செய்துகொள்ளுங்கள். சந்தேகப் பொருட்களைச் சிறு சிறு ஒட்டுகளாக முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்ப்போம். ஓரிரண்டு நாள் கழித்து மறுபடி பார்ப்போம். அந்த நாட்களில் முதுகு நனையக் கூடாது. எது என்று தெரிந்துவிட்டால் வேலையை விடாமலே வழி தேடலாம்.

அதுவரை சாயம் கலக்கும்போதும், தலை அலசும்போதும் நைட்ரைல் கையுறை போடுங்கள். உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை இருந்தால் வியர்வையை உறிஞ்சிக்கொள்ளும். அது நனைந்தால் மாற்றிவிட வேண்டும். மோதிரத்தைக் கழற்றி வையுங்கள், அதன் அடியில் சோப்பு தங்கிவிடும். ஒவ்வொரு முறை கழுவியதும் விரல் இடுக்குவரை துடைத்து மாய்ஸ்சரைசர் தடவுங்கள். இரவில் கெட்டியாகப் பூசி, பருத்திக் கையுறை மாட்டிக்கொண்டு படுங்கள்.

கேள்வி: தேர்வு நேரம் வந்தாலே அரிப்பு கூடுகிறது. இரவில் தூக்கத்திலேயே சொறிந்துவிடுகிறேன். விளக்கு போட்டுப் பார்த்தால் விரிப்பில் ரத்தம். “சொறியாதே” என்று அம்மா திட்டுகிறார்.

பதில்: தூக்கத்தில் சொறிவதற்கு யாரும் பொறுப்பாக முடியாது, அம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். மனஅழுத்தம் அரிப்பைக் கூட்டுவது உண்மைதான். அரித்தால் தூக்கம் கெடும், தூக்கம் கெட்டால் மறுநாள் பதற்றம் கூடும், சொறிந்த இடம் தடித்துப்போய் இன்னும் அரிக்கும்.

படுக்கப் போவதற்கு ஒரு மணி நேரம் முன்பே மருந்தையும் மாய்ஸ்சரைசரையும் தடவி முடித்துவிடுங்கள். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். அறை குளிர்ச்சியாகவும் போர்வை மெல்லியதாகவும் இருக்கட்டும். அரிப்பு எழும்போது ஈரத் துணியில் சுற்றிய குளிர்ந்த பொதியை ஐந்து நிமிடம் வையுங்கள். அல்லது அந்த இடத்தை உள்ளங்கையால் அழுத்திப் பிடியுங்கள். அலர்ஜி மாத்திரை எக்ஸிமா அரிப்பை அவ்வளவாகக் குறைக்காது. மயக்கம் தரும் வகையால் தூக்கம் வரலாம், ஆனால் மறுநாள் தேர்வில் தலை கனக்கும். இதெல்லாம் போதவில்லை என்றால் மருத்துவரிடம் வெளிப்படையாகப் பேசுங்கள். 2017 முதல் டூபிலுமாப் போன்ற ஊசி மருந்துகளும், பின்னர் மாத்திரைகளும் வந்திருக்கின்றன. கடுமையான எக்ஸிமாவோடு தூங்காமல் படித்துத்தான் ஆக வேண்டும் என்ற நிலை இன்று இல்லை.

கேள்வி: மாய்ஸ்சரைசர் எது நல்லது? எவ்வளவு தடவ வேண்டும்?

பதில்: வாசனை சேர்க்காதது, நீங்கள் தினமும் தடவச் சலிக்காதது. வறட்சி அதிகமென்றால் ஆயின்மென்ட், கசகசப்பு பிடிக்காதென்றால் க்ரீம். உடம்பு முழுக்க எக்ஸிமா உள்ள குழந்தைக்கு வாரத்துக்கு 250 கிராம், பெரியவருக்கு 500 கிராம்வரை செலவாகும். சின்ன டியூப் மாதக்கணக்கில் வந்தால் போதுமான அளவு தடவவில்லை என்று பொருள். டப்பாவில் விரலை விட்டு எடுக்காமல் சுத்தமான கரண்டியால் எடுங்கள், கிருமி சேராது. முடி சாய்ந்திருக்கும் திசையிலேயே தடவுங்கள். ஒன்றை மறக்க வேண்டாம்: களிம்பு ஊறிய துணியில் தீ சட்டென்று பற்றும். அடுப்பு, மெழுகுவத்தி, சிகரெட் பக்கத்தில் போகாதீர்கள்.

கேள்வி: எனக்கு உதட்டோரம் அடிக்கடி காய்ச்சல் கொப்புளம் வரும். எக்ஸிமா உள்ள குழந்தையை முத்தமிடலாமா?

பதில்: கொப்புளம் இருக்கும் நாட்களில் வேண்டாம். அது ஹெர்ப்பிஸ் வைரஸ். எக்ஸிமா தோலில் இறங்கினால் வேகமாகப் பரவும். ஒரே அளவில் சின்னச் சின்னக் கொப்புளங்கள், துளையிட்டதுபோல் புண்கள், வலி, காய்ச்சல், குழந்தை சோர்ந்து கிடப்பது. இவற்றைக் கண்டால் அன்றைக்கே, ராத்திரியாக இருந்தாலும், மருத்துவமனைக்குப் போங்கள். கண்ணருகே இருந்தால் இன்னும் அவசரம். வைரஸ் மருந்தை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது.

கேள்வி: எக்ஸிமா உள்ள என் மகன் நீச்சல் பழக ஆசைப்படுகிறான். குளோரின் தண்ணீரில் விடலாமா?

பதில்: தோல் அடங்கியிருக்கும் நாட்களில் தாராளமாக விடுங்கள். வெடிப்பும் புண்ணும் இருந்தால் ஆறும்வரை பொறுக்கட்டும். இறங்குவதற்கு முன் மாய்ஸ்சரைசரை ஒரு படலமாகத் தடவுங்கள். ஏறியதும் நல்ல தண்ணீரில் அலசி, துவட்டி, மறுபடி தடவுங்கள். தடவிய உடம்பு வழுக்கும் என்பதால் குளத்தின் ஓரத்தில் ஓடக் கூடாது என்று சொல்லி அனுப்புங்கள்.